காவலூர் மலையிலிருந்து ஆதித்யா வரை: பெண்மக்களின் அறிவியல் உழைப்பை அறிவோம்



நம்முடைய ஐவேளைத் தொழுகையின் நேரங்கள் சூரியனின் ஓட்டத்தைக் கொண்டு அமைந்தவை. நோன்பும் பெருநாளும் ஹஜ்ஜும் பிறையைக் கொண்டு அமைந்தவை. திருக்குர்ஆனில் சூரியனின் பெயரால் ஒரு சூரா இருக்கிறது, சந்திரனின் பெயரால் ஒரு சூரா இருக்கிறது. வானங்களும் பூமியும் படைக்கப்பட்ட விதத்தை எண்ணிப் பார்க்கும்படி இறைவன் நமக்குப் பல இடங்களில் கட்டளையிடுகிறான். அந்தக் கட்டளை ஆண்களுக்கு மட்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. இந்த இதழின் பாடத்தில், வானத்தை ஆராய்ந்த பெண்களையும், பொறியியல் துறையில் உழைத்த பெண்களையும் பற்றிப் படிப்போம். அதன் பிறகு, பத்தாம் வகுப்பு முடிக்கப்போகும் நம் வீட்டுப் பெண்பிள்ளையின் விஷயத்தில் நாம் என்ன முடிவெடுக்கப் போகிறோம் என்பதையும் யோசிப்போம்.

நம் மலைமேல் ஒரு வானாய்வகம்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். நம்மில் பலர் அந்த வழியாகப் போயிருப்போம். மரங்களுக்கு மேலே வெண்ணிறக் குவிமாடத்தைப் பார்த்து, "அதுதான் நட்சத்திரம் பார்க்கிற இடம்" என்று பிள்ளைகளுக்குக் காட்டியும் இருப்போம். அதற்கு மேல் விவரம் சொல்ல நமக்குத் தெரிவதில்லை.

கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த வைணு பாப்பு, இரவு வானத்தை ஆராய ஏற்ற இடம் தேடித் தேர்ந்தெடுத்ததுதான் காவலூர். நகர வெளிச்சம் எட்டாத இருண்ட வானம், கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேற்பட்ட உயரம், பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் வட வானம், தென் வானம் இரண்டிலும் பெரும் பகுதியைப் பார்க்கும் வசதி ஆகியவையே அதற்குக் காரணம். 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றுடன் பணி தொடங்கியது. 1972-ல் 102 சென்டிமீட்டர் தொலைநோக்கி வந்தது. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது 1977-ல் தெரிய வந்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. பிறகு 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியைக் கொண்ட பெரிய தொலைநோக்கி நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்டது. 1986 ஜனவரி 6 அன்று அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி அதற்கும் ஆய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார்.

இந்த ஆய்வகத்தை நடத்துவது பெங்களூரில் தலைமையகம் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம். அங்கே ஆய்வு மாணவியாகச் சேர்ந்து, நட்சத்திரக் கூட்டங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர் பாலக்காட்டைச் சேர்ந்த அன்னபூரணி சுப்பிரமணியம். 2019-ல் அவரே அந்நிறுவனத்தின் இயக்குநரானார். நம் மலைமேல் உள்ள ஆய்வகத்துக்கும் சேர்த்து ஒரு பெண் தலைமை ஏற்றார் என்பது மலையடிவாரத்தில் இருக்கும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

செங்கோட்டையின் மகள்

2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-57 ராக்கெட் புறப்பட்டது. சூரியனை ஆராய இந்தியா அனுப்பிய முதல் விண்கலமான ஆதித்யா எல்-1 அதில் சென்றது. ஏறத்தாழ 63 நிமிடங்களில் விண்கலம் ராக்கெட்டிலிருந்து பிரிந்தது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, தென்காசி மாவட்டம் செங்கோட்டையைச் சேர்ந்தவர், நம் சமுதாயத்துப் பெண்மணி.

அவருடைய தந்தை ஷேக் மீரான் கணிதம் படித்த பட்டதாரி. விருப்பப்பட்டு விவசாயத்தில் இறங்கியவர். தாயார் சைத்தூன் பீவி இல்லத்தரசி. மகள் படித்தது செங்கோட்டையில் உள்ள பெண்கள் பள்ளியில். அதன்பின் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்பியல் படித்தார். முதுநிலைப் படிப்பை ராஞ்சியில் உள்ள பிர்லா தொழில்நுட்ப நிறுவனத்தில் முடித்தார். 1987-ல் இஸ்ரோவில் சேர்ந்து முதலில் ஸ்ரீஹரிகோட்டாவிலும், பிறகு பெங்களூர் செயற்கைக்கோள் மையத்திலும் பணியாற்றினார். பயிர், நீர், நிலம் ஆகியவற்றைக் கண்காணிக்கும் ரிசோர்ஸ்சாட்-2ஏ செயற்கைக்கோளின் இணைத் திட்ட இயக்குநராகவும் இருந்தார்.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, அவர் வந்தது பெருநகரத்திலிருந்து அல்ல, மலையடிவாரத்துச் சிற்றூரிலிருந்து. செங்கோட்டைக்குப் பொதிகை மலை எப்படியோ, ஆலங்காயத்துக்கு ஜவ்வாது மலை அப்படி. இரண்டாவது, அவர் படித்தது அரசு பொறியியல் கல்லூரியில். மூன்றாவது, 1987-ல் பணியில் சேர்ந்தவர் சூரியத் திட்டத்தின் வெற்றியைப் பார்க்க முப்பத்தாறு ஆண்டுகள் உழைத்திருக்கிறார். தொலைக்காட்சியில் நாம் அவரைப் பார்த்தது சில நிமிடங்கள்தான். அதற்குப் பின்னால் இருப்பது ஓர் ஆயுளின் உழைப்பு.

ஆதித்யா என்ன செய்கிறது?

பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்காக இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். பூமியிலிருந்து சூரியனை நோக்கி 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் எல்-1 என்ற இடம் இருக்கிறது. சூரியனுக்கும் நமக்கும் உள்ள தூரத்தில் அது நூறில் ஒரு பங்குதான். அங்கே சூரியனின் ஈர்ப்பும் பூமியின் ஈர்ப்பும் சேர்ந்து செயல்படும் விதத்தால், ஒரு விண்கலம் குறைந்த எரிபொருளைச் செலவழித்து, பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்றிவர முடியும். அங்கே இரவு கிடையாது, கிரகணமும் மறைக்காது. எந்நேரமும் சூரியனைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆதித்யா 126 நாள் பயணத்துக்குப் பின் 2024 ஜனவரி 6 அன்று அந்த இடத்தைச் சுற்றியுள்ள பாதையில் சேர்ந்தது. காவலூர் ஆய்வகத்துக்குப் பெயர் சூட்டிய அதே தேதி என்பது ஒரு சுவையான ஒற்றுமை.

விண்கலத்தில் ஏழு கருவிகள் உள்ளன. நான்கு சூரியனைப் பார்க்கின்றன. மூன்று, விண்கலம் இருக்கும் இடத்திலேயே சூரியனிலிருந்து வரும் துகள்களையும் காந்தப் புலத்தையும் அளக்கின்றன. இவற்றில் முதன்மையானது சூரியனின் ஒளிவட்டத்தைப் படமெடுக்கும் கருவி. இது சுமார் 190 கிலோ எடை கொண்டது. முழுச் சூரிய கிரகணத்தின்போது சந்திரன் சூரியனின் முகத்தை மறைக்க, சுற்றிலும் வெண்மையான ஒளிவட்டம் தெரியும் அல்லவா? அந்தக் கிரகணத்தைக் கருவிக்குள்ளேயே செயற்கையாக உண்டாக்கி, ஒளிவட்டத்தை நாள் முழுக்கப் படமெடுப்பதுதான் இதன் வேலை. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். அதற்கு வெளியே உள்ள ஒளிவட்டமோ பத்து லட்சம் டிகிரிக்கும் மேல். அடுப்பை விட்டு விலக விலகச் சூடு குறைவதுதானே வழக்கம், இங்கே கூடுவது எப்படி? விஞ்ஞானிகள் விடை தேடும் கேள்விகளில் இதுவும் ஒன்று. சூரியனில் எழும் புயல்கள் செயற்கைக்கோள்களையும் தகவல் தொடர்பையும் மின்கட்டமைப்பையும் பாதிக்கக்கூடியவை என்பதால் இந்த ஆய்வில் நம் எல்லோருக்கும் பயன் உண்டு.

ஒளிவட்டத்தைப் பார்க்கும் அந்தக் கருவியை உருவாக்கியது, காவலூரை நடத்தும் அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனம்தான். பெங்களூர் அருகே ஹொசகோட்டையில் உள்ள அதன் வளாகத்தில் கருவி பொருத்திச் சோதிக்கப்பட்டது. ஆதித்யா புறப்பட்டபோது திட்டத்தின் இயக்குநர் ஒரு பெண், முதன்மைக் கருவியைத் தந்த நிறுவனத்தின் இயக்குநரும் ஒரு பெண்.

திட்ட இயக்குநரின் வேலை என்ன என்று கேட்கலாம். ஒரு பெரிய வலீமா விருந்தை நடத்திப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பிரியாணி ஒருவர், பந்தல் ஒருவர், பாத்திரம் ஒருவர் என்று வேலை பிரிந்திருக்கும். யாராவது ஒருவர் தாமதித்தாலும் விருந்து நின்றுவிடும். எல்லாவற்றையும் மனத்தில் வைத்து, எது எப்போது சேர வேண்டும் என்று பார்க்கும் ஒருவர் வேண்டும். விண்கலத்திலும் எடை, மின்சாரம், வெப்பம், தகவல் தொடர்பு, ஏழு கருவிகள், பல ஊர்களின் நிறுவனங்கள் ஆகிய எல்லாவற்றையும் ஒன்று சேர்ப்பவர் திட்ட இயக்குநர். ஒரே வேறுபாடு, ஏவிய பிறகு போய்ச் சரிசெய்ய முடியாது.

பெயர் பதியப்படாதவர்கள்

பெண்கள் இத்துறையில் உழைப்பது புதிதல்ல. அவர்களுடைய உழைப்பைப் பெயர் சொல்லிக் குறிப்பதுதான் குறைவாக நடந்திருக்கிறது.

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில், சிரியாவின் அலெப்போ நகரில், அமீர் சைஃபுத் தவ்லாவின் அரசவையில் ஒரு பெண்மணி உஸ்துர்லாப் என்னும் வானியல் கருவி செய்துவந்தார். நட்சத்திரங்களின் உயரத்தை அளந்து நேரத்தையும் திசையையும் அறிய உதவும் கருவி அது. தொழுகை நேரம் கணிக்கவும் பயன்பட்டது. இப்னு நதீம் தம் 'அல்-ஃபிஹ்ரிஸ்த்' நூலில் இந்தக் கருவி செய்வோரின் பட்டியலில் அவரைக் குறிக்கிறார். ஆனால் அவருடைய சொந்தப் பெயரை எழுதவில்லை. இஜ்லீ என்பவரின் மகள் என்ற பொருளில் 'இஜ்லிய்யா' என்று மட்டுமே இருக்கிறது. இன்று பலர் மர்யம் என்று சொல்வது பிற்காலத்து வழக்கு. 1990-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறுகோளுக்கு 'அல்-இஜ்லிய்யா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கருவி செய்த கையை வரலாறு நினைவில் வைத்தது. அவருடைய பெயரை மட்டும் விட்டுவிட்டது.

நம் சென்னைக்கு வருவோம். அ. லலிதாவுக்குப் பதினைந்து வயதில் திருமணம். 1937-ல் பெண் குழந்தை பிறந்த நான்கே மாதத்தில் கணவர் இறந்தார். கைம்பெண் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற காலம் அது. கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த அவருடைய தந்தை, மகளை அங்கேயே மின் பொறியியல் வகுப்பில் சேர்த்தார். உடன் சிவில் பிரிவில் லீலாம்மா ஜார்ஜ், திரேசியா என்ற இருவரும் படித்தார்கள். பட்டச் சான்றிதழில் மாணவரை ஆணாகக் குறிக்கும் சொல்தான் அச்சாகியிருந்தது. அதை அடித்துக் கையால் பெண்ணாகத் திருத்திக் கொடுத்தார்கள். லலிதா பின்னர் கல்கத்தாவில் மின் நிறுவனம் ஒன்றில் நீண்டகாலம் பணியாற்றினார். பக்ரா நங்கல் அணையின் மின் பணிகளிலும் அவர் பங்கு உண்டு. 1964-ல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாட்டில் கலந்துகொண்டார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மணி, சர் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கம் பற்றி ஆராய்ந்து ஐந்து கட்டுரைகள் எழுதினார். முதுநிலைப் பட்டம் இல்லை என்று காரணம் காட்டி முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் சோர்ந்து உட்காரவில்லை. 1948-ல் வானிலைத் துறையில் சேர்ந்து, ஏறத்தாழ நூறு வானிலைக் கருவிகளின் வரைபடங்களை ஒழுங்குபடுத்தி அவை நம் நாட்டிலேயே தயாராக வழி செய்தார். நாடெங்கும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அமைத்தார். இன்று கூரைமேல் சூரிய மின்தகடு வைப்பவர்கள் நம்பும் கணக்குகளுக்கு அடித்தளம் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

நம் காலத்திலும் ரிசாட்-1 திட்டத்தின் இயக்குநர் வளர்மதி, சந்திரயான்-2 திட்டத்தின் இயக்குநர் வனிதா என்று தமிழகப் பெண்கள் தொடர்ந்து வந்திருக்கிறார்கள். 2023 அக்டோபர் 2 அன்று தமிழக அரசு ஒன்பது இஸ்ரோ விஞ்ஞானிகளைப் பாராட்டி ஆளுக்கு 25 லட்சம் ரூபாய் வழங்கியது. அந்த ஒன்பது பேரில் வனிதாவும் நிகர் ஷாஜியும் இருந்தார்கள்.

நம் வீடுகளில் கேட்கும் பேச்சு

அரசும் இஸ்ரோவும் பாராட்டுவது அவர்கள் கடமை. நம் கடமை என்ன? நிக்காஹ் பேச்சில் "மாப்பிள்ளை இஞ்சினியர்" என்றால் அது பெருமை. "பெண் இஞ்சினியர்" என்றால் பயோடேட்டாவில் ஒரு வரி, அதோடு சரி. அடுத்த கேள்வி, "வேலைக்குப் போவேன் என்று சொல்லாதே?" என்பதுதான். நிகர் ஷாஜியின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி மாஷா அல்லாஹ் என்கிறோம். நம் வீட்டுப் பெண் கணிதப் பிரிவு கேட்டால் யோசிக்கிறோம். சில பேச்சுகளை நேராகவே பார்ப்போம்.

"கல்லூரி தூரம்." இது உண்மையான கவலைதான், அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் விடியற்காலையில் கம்பெனி வேன் ஏறி ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஷூ தொழிற்சாலைகளுக்குப் போய், மாலையில் திரும்பும் பெண்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்? குடும்பத்துக்காக உழைக்கப் போகும்போது தடையாக இல்லாத தூரம், படிக்கப் போகும்போது மட்டும் தடையாகலாமா? நான்கு குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு வேன் வைக்கலாம்.

"விடுதியில் விட பயமாக இருக்கிறது." பயப்படுவது பெற்றோரின் இயல்பு. நேரில் போய்ப் பாருங்கள். தாயார் போய்ப் பார்க்கட்டும். அங்கே படிக்கும் நம் பிள்ளைகளிடம் கேளுங்கள். தொழுகை, உணவு, உடை பற்றி நிர்வாகத்திடம் வெளிப்படையாகப் பேசுங்கள். மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் பொறியியல் கல்லூரி போல நம் சமுதாயத்தார் நடத்தும் நிறுவனங்களும், வேலூர் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரியும் நமக்கு எட்டும் தொலைவில் இருக்கின்றன.

"எப்படியும் கல்யாணம் ஆகி அடுப்படிக்குத்தானே?" அடுப்படி இழிவான இடம் அல்ல. ஆனால் கல்வி வேலைக்கு மட்டும் உரியதும் அல்ல. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் பெரும் சஹாபாக்களும் வந்து சந்தேகம் கேட்டுத் தெளிந்தார்கள். அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுத்துக் கற்றுத் தந்தவர் ஷிஃபா (ரலி) என்ற பெண்மணி. அன்னை கதீஜா (ரலி) வணிகம் நடத்தியவர்கள். கணிதம் தெரிந்த தாய் பிள்ளைக்கு டியூஷன் தேடி அலைய வேண்டியதில்லை. கணவரின் கை ஓய்ந்த நாளில், லலிதாவுக்கு நேர்ந்தது போன்ற சோதனை வந்தால், அந்தப் படிப்பு குடும்பத்தைத் தாங்கும்.

"மார்க்கக் கல்வி போதும்." மார்க்கக் கல்வி முதன்மையானது, அதில் இரண்டாம் கருத்து இல்லை. உஸ்துர்லாப் செய்த இஜ்லிய்யாவின் காலத்தில், வானியலும் மார்க்கமும் எதிரெதிர் வாசல்களாக இருக்கவில்லை. கிப்லாவும் தொழுகை நேரமும் அறியக் கணக்கு தேவைப்பட்டது.

வழிகள்

முதலில் பதினோராம் வகுப்பில் எடுக்கும் பிரிவு. பொறியியலுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் வேண்டும். அவள் விரும்பிக் கேட்கும் பிரிவை, "பெண்ணுக்கு இது கஷ்டம்" என்று சொல்லி மாற்றிவிடாதீர்கள். அன்று மூடும் கதவைப் பின்னால் திறப்பது கடினம்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. முஸ்லிம் பிற்படுத்தப்பட்டோருக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அதற்குரிய சாதிச் சான்றிதழைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடாமல் இப்போதே வாங்கி வையுங்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகைக்குத் தனிச் சான்றிதழ் உண்டு. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்து, பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழியும் உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இஸ்ரோ நடத்தும் 'யுவிகா' பயிற்சி முகாமையும், விண்வெளித் துறைக்கென்றே திருவனந்தபுரத்தில் இருக்கும் கல்லூரியையும் பள்ளி ஆசிரியர்களிடம் கேட்டு அறியுங்கள். வசதியுள்ளவர்கள், தேவையுள்ள குடும்பத்துப் பெண்பிள்ளையின் படிப்புக்கு ஜகாத், ஸதகா மூலம் உதவுவது பற்றி ஆலிம்களிடம் ஆலோசனை கேளுங்கள்.

குடும்பத்தோடு உட்கார்ந்து பேச

1. நம் குடும்பத்தில் பாட்டி, தாயார், மாமி ஆகியோரில் படிப்பு பாதியில் நின்றவர் யார்? எந்த வகுப்பில் நின்றது? ஏன் நின்றது? பிள்ளைகள் அவர்களிடமே கேட்கட்டும்.

2. நம் பெண்பிள்ளை என்ன ஆக விரும்புகிறாள் என்று அவளிடம் நேராகக் கேட்டிருக்கிறோமா? அத்தா முதலில் கேட்கட்டும்.

3. மகனுக்கு டியூஷனுக்கும் செல்போனுக்கும் பைக்குக்கும் செலவழித்த பணத்தில், மகளின் படிப்புக்கு எவ்வளவு?

4. காவலூர் ஆய்வகத்தைப் பார்க்கப் பொதுமக்களை அனுமதிக்கும் நாளையும் நேரத்தையும் விசாரித்துக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள். மகன்களோடு மகள்களையும் அழைத்துச் செல்லுங்கள். அங்கே கேள்வி கேட்கும் முதல் வாய்ப்பை மகளுக்குக் கொடுங்கள்.

செங்கோட்டையில் ஒரு விவசாயி தம் மகளைப் படிக்க வைத்தார். அந்த மகள் பொறுப்பேற்று அனுப்பிய விண்கலம் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதே வாய்ப்பு ஆலங்காயத்திலும் வாணியம்பாடியிலும் ஜமுனாமரத்தூரிலும் உள்ள பிள்ளைக்குக் கிடைக்க, நாம் தடையாக இல்லாதிருந்தால் பாதி வேலை முடிந்தது. துணையாகவும் நின்றால் மீதியும் முடியும், இன்ஷா அல்லாஹ்.

யா அல்லாஹ், எங்கள் ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் பயனுள்ள கல்வியைத் தருவாயாக. அவர்களுடைய உழைப்பை மறைக்காமல் மதிக்கும் மனத்தை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.